பின்னாடி வேணும்

அந்த வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் படுத்துக்கொண்டார்கள். இன்னொன்றில் புருஷன் ஊருக்கெல்லாம் பல் செட் செய்தார். மூன்றாவதான சின்ன அறையில் ஒரு கார் இருந்தது. முழுக் கார் இல்லை. முழுக் கார் வாசலில் வெயிலில் நின்றது. உள்ளே இருந்ததும் அதே கார்தான், ஆனால் துண்டு துண்டாக, பெட்டி பெட்டியாக, இரும்பு அலமாரிகளில் கூரையைத் தொடுகிற வரைக்கும் அடுக்கி வைத்திருந்தது.

வாசலில் நின்றதை எல்லாரும் ‘பச்சை’ என்றார்கள். அது அவளுடைய வண்டி. பக்கவாதம் வந்தவர்களுக்கும் முட்டி மாற்றியவர்களுக்கும் வீடு தேடிப்போய்க் கைகால் பயிற்சி கொடுக்கிற பிசியோ அவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினாள். தெருவில் ‘பல்லுக்காரர்’ என்று பேர் எடுத்த அவள் புருஷனுக்கு ஓட்ட வராது. ஒரு தடவை கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று வாசல் கேட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு இறங்கியவர், அப்புறம் ஸ்டியரிங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆக, கார் அவளுடையது. கவலை மட்டும் முழுக்க அவருடையது.

இனி அந்த மாடல் வராது என்று கம்பெனி சொன்ன அன்றைக்குத்தான் அவருக்கு இந்த வியாதி பிடித்தது. வண்டி வராவிட்டால் போகட்டும், பாகங்களும் வராதே! அன்றிலிருந்து ஊரில் ஒரு ஸ்பேர் கடை பாக்கியில்லை. அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர்கள் உள்ளே போய்ப் பழைய பெட்டிகளைத் தூசி தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கதவுக் கைப்பிடி, ஹாரன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்து, துடைத்து, பவுடர் போட்டு, மெல்லிய தாளில் சுற்றி, பல் செட் வைக்கிற வெள்ளைப் பெட்டிகளில் போட்டு மூடுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு பவுடர் போட்டிருக்கமாட்டார்கள். ஒரு தடவை பெட்டி மாறிப்போய், கீழ்வரிசைப் பல் கேட்டு வந்த பெரியவருக்கு வீல் சிலிண்டர் வாஷரைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நல்லவேளையாகப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், இத்தனையும் வாங்கிக் குவித்த மனிதர் அதில் ஒன்றைக்கூட வண்டியில் மாட்டவிடமாட்டார். பச்சையில் ஏதாவது போனால், காயலான் கடைக்கு ஓடி, ஏற்கெனவே ஒரு வண்டியில் உழைத்துக் களைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அதுவும் கிடைக்காவிட்டால் கம்பி, டேப், சைக்கிள் டியூப். “வீட்டுலதான் புதுசு இருக்கே?” என்று கேட்டால் உடனே பதில் வரும்: “அது பின்னாடி வேணும்.”

அதனால் அலமாரியில் புதுப் பாகங்கள் சொகுசாகத் தூங்க, தெருவில் பச்சை தட்டுமுட்டுச் சாமான்களோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவை இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். ஜன்னல் கண்ணாடி கீழே விழாமல் இருக்க ஒரு மரக்கட்டை. இரண்டு வைப்பரில் ஒன்று வேலை செய்யும், மற்றது வேடிக்கை பார்க்கும். இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அதன் நாடி நரம்பெல்லாம் தெரியும். திட்டிக்கொண்டே ஓட்டுவாள்.

திட்டுவாளே தவிர, மனிதர்மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அவர் ஒரு தினுசு, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மற்றவர்கள் பெண்டாட்டியைப் பூங்காவுக்கும் சினிமாவுக்கும் கூட்டிப்போனார்கள். இவர், “புது மாவு வந்திருக்கு, சரியா இருக்கான்னு பார்க்கணும். கொஞ்சம் வாயைத் திற” என்று நாற்காலியில் உட்காரவைத்து, அவள் பல்வரிசையை அச்செடுத்தார். குமட்டிக்கொண்டு வந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவர் ‘மாவு’ என்றாலே வாயை இறுக்க மூடிக்கொள்வாள். அந்த வாயின் மேல்வரிசையில், இடது பக்கம், ஒரு கோணப்பல். சின்ன வயதில் அக்கா துரத்திக்கொண்டு வர, படியில் விழுந்து அடிபட்டு, அந்த இடத்தில் முளைத்தது கோணலாக முளைத்துவிட்டது.

அந்த அக்காதான் இப்போது இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் காலமானபிறகு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாக இருந்தவள். பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருத்தரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து அறியாதவள். குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆபரேஷன் ஆகி, வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாடி ஏறுகிற பேச்சே இனிமேல் இல்லை.

“நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா” என்றாள் தங்கை.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உன் வீட்டுல எனக்கு இடம் இருந்தா வர்றேன். எனக்காக இடம் பண்றதா இருந்தா வரமாட்டேன். பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. எனக்கு ஒரு கட்டில் பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்.”

“இடம் இருக்குக்கா. சின்ன ரூம் சும்மாத்தானே கிடக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பல்லுக்காரரிடம் சொன்னாள். அவர் உடனே, “ஆகட்டும், அண்ணி வரட்டும். எடுத்துடறேன்” என்றார். எதற்கும் ஆகட்டும் என்கிறவர் அவர், அதில்தான் சிக்கலே. இரண்டு நாள் சின்ன அறையில் உருட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தால் கீழ்த்தட்டுப் பெட்டிகள் மேல்தட்டுக்கும், மேல்தட்டுப் பெட்டிகள் கீழ்த்தட்டுக்கும் போயிருந்தன. நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம். இடுப்பில் ஆணி வைத்தவளைப் பாயில் படுக்கவைப்பதா? அதோடு போயிற்றா என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேர் கடையை இழுத்து மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், தோளில் ஒரு சைலன்சரைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்த முகமாக வந்து நின்றார்.

அவளுக்கு வந்ததே கோபம்.

“எங்கக்கா எங்க படுக்கணும்? இந்தச் சைலன்சருக்குள்ளயா?”

“கடைசி ஒண்ணும்மா. இதை விட்டா கிடைக்காது.”

“எனக்கும் இருக்கிறது ஒரே அக்காதாங்க. அவளை விட்டா எனக்கும் கிடைக்காது. காருக்குப் படற கவலையில ஒரு துளி மனுஷங்களுக்குப் பட்டா என்ன?”

பல்லுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சைலன்சரைப் பூனைக்குட்டியைப்போல மெதுவாகக் கீழே வைத்தார். கைகழுவப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கடைத்தெரு தாண்டியதும் பச்சையின் மூக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. நல்லகாலம், வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக்கின் கொட்டகை அங்கேதான். நாலு பேர் தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். “ரேடியேட்டர் ஹோஸ் வாயைப் பிளந்துடுச்சுண்ணே. சைக்கிள் டியூபைச் சுத்திச் சுத்தி அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?”

“காயலான் கடையில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார் பல்லுக்காரர்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “வீட்டுல புதுசு எத்தனை இருக்கு?”

“மூணு.”

“ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

“அது பின்னாடி…”

“பின்னாடின்னா எப்போங்க? வண்டி நடுவழியில நிக்குது. அக்கா அங்க காத்துக்கிட்டிருக்கா. இதைவிடப் பெரிய பின்னாடி ஒண்ணு வரணுமா?”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். பல்லுக்காரர் பின்னால் தொற்றிக்கொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். முதல் பெட்டியைத் தானே பிரித்தார். தாளை விலக்கி, பவுடரை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். கறுப்பாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது ஹோஸ். மெக்கானிக் அதைக் குழாய்முனையில் பொருத்தி லேசாக வளைத்தான். பொரி அப்பளத்தை ஒடித்த சத்தம் கேட்டது. ஒரு துண்டு அவன் கையில், மறுதுண்டு தரையில்.

இரண்டாவது பெட்டியைப் பல்லுக்காரர் பிரித்தார். அதுவும் ஒடிந்தது. மூன்றாவதை மெக்கானிக்கிடம் கொடுக்காமல் தானே வளைத்துப் பார்த்தார். அவர் விரல்களுக்குள்ளேயே அது விரிசல்விட்டுத் தூளாக உதிர்ந்தது.

“ரப்பர்தானேண்ணே, விடுங்க” என்றான் மெக்கானிக் சங்கடத்தோடு. ஏதோ வேனிலிருந்து கழற்றிப் போட்டிருந்த குழாயை அளவுக்கு வெட்டி மாட்டிக் கொடுத்தான்.

அச்செடுக்கிற மாவு டப்பாவில் தேதி தாண்டினால் மறுபேச்சில்லாமல் குப்பையில் கொட்டுகிற மனிதர் அவர். எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆயுள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். அவருக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்தபோது, நேற்று முதல் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கோபம் அவளிடமிருந்து எங்கோ போய்விட்டது. பக்கத்து இருக்கையில் உடைந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவரைப் பார்க்க, ஐயோ பாவம் என்றிருந்தது.

அன்று மாலை சின்ன அறைக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தாள். பல்லுக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ரப்பர் என்று பேர் பெற்ற அத்தனையையும் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட், புஷ், வாஷர், வைப்பர். பக்கத்தில் ஒரு கறுப்புக் குவியல். அவள் டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எல்லாம் போச்சா?”

“இரும்பெல்லாம் நல்லா இருக்கு. ரப்பர் பூரா போச்சு.” குவியலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “உனக்கு வயசானப்புறம் வேணும்னுதான் வெச்சேன்.”

“எனக்கா?”

“வேற யாருக்கு? நானா ஓட்டறேன்? நான் இல்லாத காலத்துல நீ ஒரு மெக்கானிக்கிட்ட போய் நிப்பே. அவன் கையை விரிச்சுடுவான். உன் உயரத்துக்கு இந்த ஒரு வண்டிதான் சரிப்படும், இதை விட்டா வேற எதையும் தொடமாட்டே, எனக்குத் தெரியும். வண்டி நின்னா நீ வீட்டோட நின்னுடுவே. அப்படி ஆகக்கூடாதுன்னு நினைச்சேன்.”

‘காருக்குப் படற கவலை’ என்று நேற்று சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று அவளுக்கு இருந்தது. ஆனாலும் அழுதால் அவர் பதறிப்போவார். அதனால் கறுப்புக் குவியலிலிருந்து ஒரு பெல்ட் துண்டை எடுத்து அவர் தலையில் லேசாகத் தட்டினாள்.

“ஏங்க, எனக்கு வயசாயாச்சுங்க. கண்ணாடி பார்க்கறதில்லையா நீங்க? ஊருக்கெல்லாம் முட்டி பார்க்கறேன், என் முட்டியே மாடிப்படியில மடக்கு மடக்குங்குது. நீங்க சொல்ற பின்னாடி இதுதான். இன்னும் எதுக்குங்க காத்திருக்கணும்?”

பல்லுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நரைத்த முன்முடியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து மேல்தட்டிலிருந்து கிளட்ச் பிளேட் பெட்டியை இறக்கினார்.

அடுத்த இரண்டு நாளும் மெக்கானிக் கொட்டகையில் ஒரே அமர்க்களம். பல்லுக்காரர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்ட, மெக்கானிக் தலைகால் புரியாத சந்தோஷத்தில் மாட்டித் தள்ளினான். ரப்பர் சாமான்களுக்கு மட்டும் வேறு வண்டிகளுடையதை வெட்டியும் இழுத்தும் பொருந்தவைத்தான். பிரேக் புதுசு, கிளட்ச் புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு, சைலன்சர் புதுசு, நாலு கதவுக்கும் கைப்பிடி புதுசு. மிஞ்சியதை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பல்லுக்காரர். இப்படிச் சின்ன அறை முழுக்க மெல்ல மெல்ல வாசலுக்குப் போய், பச்சைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அலமாரிகள் வெளியே போயின, ஒரே ஒரு சுவரலமாரியைத் தவிர. கட்டில் வந்தது. தரையை அவரே மண்டிபோட்டுத் தேய்த்தார்.

வியாழக்கிழமை அவள் பச்சையில் ஏறிப் பழக்க தோஷத்தில் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தாள். தொட்டாலே மூடுகிற கதவு அது இப்போது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அறைந்துகொண்டது. கிளட்ச் பூமாதிரி இறங்கியது. சத்தமே இல்லை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவளுக்கே இரண்டு தடவை சந்தேகம் வந்தது. பின்சீட்டில் தலையணை வைத்து அக்காவைக் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். அக்கா ஒரு துணிப்பையை மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“முன்னாடி உன் வண்டியில வந்தா பல்லெல்லாம் ஆடுமேடி. மாப்பிள்ளைக்கு வியாபாரம் ஆகட்டும்னு ஓட்டறேன்னு நினைச்சிருந்தேன்” என்றாள். “இன்னிக்கு என்ன இப்படிப் போகுது?”

“கொஞ்சம் வேலை பார்த்தோம், அண்ணி” என்றார் பல்லுக்காரர் பவ்யமாக.

வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து, அக்கா சின்ன அறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. மேலாளராக இருந்தவள் கண் அறையை ஒரு சுற்று சுற்றியது. சுவரில் அலமாரிகள் நின்ற இடமெல்லாம் வெளுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எத்தனை தேய்த்தும் கிரீஸ் வாசனை போகவில்லை.

“சும்மாக் கிடந்த ரூமா இது?” என்றாள். “எத்தனை சாமானை வெளியே தள்ளினீங்க எனக்காக?”

“அக்கா, அதெல்லாம்…”

“பையைப் பிரிக்காதே. அந்த இல்லத்துல சாயங்காலம் வரைக்கும் கட்டில் வெச்சிருப்பாங்க. இன்னிக்கு எனக்காகத் தள்ளுவீங்க, நாளைக்கு என்னைப் பார்க்கறப்பல்லாம் தள்ளினது ஞாபகம் வரும். வேண்டாம்டி.”

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். என்ன சொல்லி நிறுத்துவது என்று தவித்து அறையைப் பார்த்தவள் கண்ணில் அது பட்டது. சுவரலமாரியின் மேல்தட்டில், ஒரு மூலையில், ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி. இருந்த ஆத்திரமெல்லாம் புருஷன்மேல் திரும்பியது.

“இன்னும் ஒண்ணு வெச்சிருக்கீங்களா? இத்தனைக்கு அப்புறமுமா? எடுங்க அதை! எந்த வாஷர் அது?”

“அது… அது இருக்கட்டுமே” என்றார் பல்லுக்காரர். காது மடல் சிவந்துவிட்டது.

“பின்னாடி வேணுமா?”

“ஆமா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளே எட்டி எடுத்துத் திறந்தாள். மெல்லிய தாள், பவுடர். உள்ளே கார்ச் சாமான் எதுவும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த பல்வரிசை ஒன்று, மேலும் கீழுமாக. அவள் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றாள். அக்காதான் கழுத்தை நீட்டிப் பார்த்து, ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, மேல்வரிசையில் இடது பக்கத்தைத் தொட்டாள்.

“ஏய், இது உன் கோணப்பல்லுடி! நான் துரத்தி நீ படியில விழுந்தியே, அந்தப் பல்லு!”

“கல்யாணமான புதுசுல எடுத்தது” என்றார் பல்லுக்காரர். மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போலத் திக்கித் திக்கிப் பேசினார். “மாவைப் பார்க்கறேன்னு சொன்னது பொய். என்னைக்காவது இவளுக்குப் பல்லு போச்சுன்னா வேற மாதிரி செட்டு வெச்சுடக்கூடாது இல்லையா, அண்ணி? எல்லாம் நேரா, வரிசையா வெச்சா அப்புறம் சிரிக்கும்போது இவ இவளா இருக்கமாட்டா. இந்த மாடல் வேற எங்கயும் கிடைக்காது.” கொஞ்சம் நிறுத்தி, அவசரமாகச் சொன்னார்: “இது ரப்பர் இல்ல. கெட்டுப்போகாது.”

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கோணப்பல் தெரியச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தன.

அக்கா அந்த வெள்ளைப் பல்வரிசையையும் தங்கை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பல்லுக்காரரைப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை, இதை மட்டும் ஏன் வெளியே எடுத்துப் போடலை?”

“இது இந்த வீட்டு மனுஷங்களுதாச்சே, அண்ணி. மனுஷங்களுக்குத்தானே ரூம்?”

அக்கா வாக்கரைத் தூக்கி வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். பிறகு காலை எடுத்து வைத்தாள். கட்டில் வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் போய், வலியோடு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அந்தப் பெட்டி அங்கயே இருக்கட்டும். படுத்துக்கிட்டே என் கண்ணுல படற மாதிரி வை” என்றாள். மடியிலிருந்த துணிப்பையைத் தங்கை பக்கம் நீட்டினாள். “இந்தா, பையைப் பிரி.”